ஓக்காளிக்காத குழந்தை

இரண்டு வருஷமாக அண்ணன் வீட்டு வாசலை மிதிக்காத நாத்தனார், தையல் மெஷினும் மகளுமாக வேனில் வந்து இறங்கி, "மாடி காலியாத்தானே இருக்கு, அண்ணி?" என்று கேட்ட இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். அண்ணி மாடிச் சாவியை எடுத்துக் கொடுத்தாள். தொண்டை அடைத்துக்கொண்டது.

அது பாசத்தில் அடைத்த தொண்டை. சனிக்கிழமை காலையில் அதே வீட்டில் இன்னொரு தொண்டை அடைத்துக்கொண்டது. அதற்கும் பாசத்துக்கும் சம்பந்தமில்லை.

அண்ணியின் மகள் வாலு எழுந்து வந்து, ஒன்றுமே கேட்காமல் சோபாவில் சுருண்டு படுத்தாள். பல் தேய்க்கும்போதே நாலு கேள்வி கேட்கிற பிள்ளை. தொட்டுப் பார்த்தால் நெற்றி சுட்டது. எச்சில் முழுங்கினால் முள் குத்துவதாக ஜாடை காட்டினாள். மூக்கு ஒழுகவில்லை, இருமலும் இல்லை. அதுதான் அண்ணிக்குப் பிடிக்கவில்லை.

ஏனென்றால் அண்ணிக்கு இதுதான் தொழில். இரண்டு தெரு தள்ளியிருக்கும் குழந்தைகள் கிளினிக்கில் அவள் லேப் டெக்னீஷியன். பஞ்சு சுற்றிய நீளக் குச்சியைத் தொண்டைக்குள் விட்டு, குழந்தை அழலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதற்குள் வெளியே எடுத்துவிடுவாள். அதனால் அங்கே வரும் பிள்ளைகள் எல்லாருக்கும் அவள் குச்சியக்கா. பெற்றவர்கள்கூட "குச்சியக்கா இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் டோக்கன் வாங்குவார்கள். நாமும் அப்படியே கூப்பிடுவோம். இந்த வீட்டில் "அத்தை" என்று யாராவது கத்தினால் இரண்டு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்தக் குழப்பம் நமக்கு வேண்டாம்.

நாத்தனாரும் மகள் மைனாவும் மாடியிலிருந்து இறங்கி வந்தார்கள். வாலு படுத்திருந்த கோலத்தைப் பார்த்ததும் நாத்தனார் மகளைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டாள். அது அந்தத் தொண்டை வலியா என்று மட்டும் கேட்டாள். எந்தத் தொண்டை வலி என்று குச்சியக்கா திருப்பிக் கேட்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மைனாவுக்குத் தொண்டை வலித்தது. தானே சரியாகிவிட்டது. கொஞ்ச நாள் கழித்து முட்டி வலிக்கிறது என்றாள். குடும்பத்தில் மருத்துவம் தெரிந்தவள் ஒருத்திதானே என்று நாத்தனார் அண்ணியைக் கேட்டாள். "வளர்ற பிள்ளைக்குக் கால் வலிக்கத்தான் செய்யும். ஒண்ணுமில்ல" என்றாள் குச்சியக்கா. தொண்டைக்கு வந்த கிருமி போகிற போக்கில் மூட்டையும் இதயத்தையும் சேர்த்துப் பதம் பார்த்துவிட்டது என்று தெரிந்தபோது, மைனாவின் இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடாமல் போயிருந்தது. அன்றிலிருந்து, அந்தக் கிருமி மறுபடி அண்டாமல் இருக்க, மாதம் தவறாமல் அவளுக்கு ஊசி. இன்னொரு தடவை அதே கிருமி தொற்றினால் வால்வு எவ்வளவு தாங்கும் என்று சொல்ல முடியாது என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள்.

நாத்தனார் சண்டை போடவில்லை. வருவதை நிறுத்திவிட்டாள். தப்பாகக் கணிப்பது யாருக்கும் நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் 'நான் தப்பாச் சொல்லிட்டேன்' என்ற வார்த்தை அண்ணி வாயிலிருந்து வரவே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் பழம் வந்தது, போர்வை வந்தது, அண்ணியே வந்து இரவெல்லாம் விழித்திருந்தாள். அந்த ஒரு வார்த்தை மட்டும் வரவில்லை.

ஆகவே சனிக்கிழமை காலையில் குச்சியக்கா உஷாராகவே இருந்தாள். டெஸ்ட் பண்ணிச் சொல்கிறவரை பிள்ளைகள் சேர வேண்டாம் என்றாள். கூரியர் வேன் ஓட்டும் கணவன் வண்டியை எடுத்தான். வாலுவை முன்சீட்டில் உட்காரவைத்துக் கிளினிக்குக்குப் போனார்கள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. சொந்தக் குழந்தைக்கு யாரும் தானே குச்சி விடக் கூடாது. எழுதிப் போட்ட சட்டமில்லை, பெரிய சிஸ்டரின் வாய்ச்சட்டம். அன்றைக்குப் பார்த்துப் பெரிய சிஸ்டரின் ஸ்கூட்டர் பங்க்சர். டாக்டரம்மாவும் வந்திருக்கவில்லை. மாடியில் நாத்தனார் பதிலுக்குக் காத்திருக்கிறாள், வாசலில் கணவன் ஹாரன் அடிக்கிறான். இதென்ன பெரிய வித்தையா, தினமும் செய்வதுதானே என்று குச்சியக்கா கையுறையை மாட்டிக்கொண்டாள்.

வாலுவை நாற்காலியில் உட்காரவைத்து "ஆ" காட்டச் சொன்னாள். தட்டைக் குச்சியால் நாக்கை அழுத்தினாள். மற்ற குழந்தைகள் என்றால் அவள் கண் தொண்டையைத் தவிர வேறெதையும் பார்க்காது. உள்நாக்குக்கு இரண்டு பக்கமும் இருக்கும் டான்சிலில் பஞ்சை அழுத்தி உருட்டி, பின்சுவரையும் ஒரு தடவு தடவி, நாக்கிலும் கன்னத்திலும் படாமல் எடுக்க வேண்டும். அன்றைக்கு அவள் கண் வாலுவின் கண்ணுக்குப் போனது. அதில் தண்ணீர் தளும்பி நின்றது. "அம்மா, வலிக்காதுல்ல?"

"வலிக்காதுடா கண்ணு."

வலிக்கவே இல்லை. வாலு ஓக்காளிக்கவில்லை, இருமவில்லை, தலையைக்கூடப் பின்னால் இழுக்கவில்லை. தன் கை ராசியை நினைத்துக் குச்சியக்காவுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சின்னக் குழாயில் மருந்தைச் சொட்டுவிட்டு, பஞ்சை அதில் சுழற்றிப் பிழிந்து, சோதனைப் பட்டையை முக்கி வைத்தாள். மேலே ஒரு கோடு வந்தால் பட்டை ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். அதற்குக் கீழே இரண்டாவது கோடும் வந்தால் கிருமி இருக்கிறது. ஐந்து நிமிஷம் கழித்துப் பார்த்தாள். ஒரே கோடு. குழந்தைகளுக்கு இப்படி ஒற்றைக் கோடு வந்தால், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு குச்சி எடுத்துப் பெரிய லேபுக்கு, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்புவது கிளினிக் பழக்கம். பிள்ளையை மறுபடி படுத்துவானேன் என்று அதையும் விட்டுவிட்டாள்.

நாத்தனாருக்கு போன் போட்டாள். "ஒண்ணுமில்ல சின்னு. நெகட்டிவ். சாதாரணத் தொண்டை வலிதான்."

நல்லாப் பார்த்தீர்களா என்று சின்னு ஒரு தடவை கேட்டாள்.

"நானே எடுத்தேன்மா."

அதற்குமேல் என்ன உத்தரவாதம் வேண்டும்? கணவன் வாலுவைக் கொண்டுபோய் மாடியில் தங்கையிடம் விட்டுவிட்டு, பார்சல்களைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

கிளினிக்கில் சனிக்கிழமைக் கூட்டம். மதியத்துக்குச் சற்று முன்னால், அதே தெருவில் டயர் கடை வைத்திருப்பவர் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். வாலுவின் வகுப்பில், வாலுவின் பெஞ்சிலேயே உட்காருகிற பெண். சளியில்லாத காய்ச்சல், தொண்டை வலி. இதற்குள் வந்து சேர்ந்திருந்த பெரிய சிஸ்டர் குழந்தையின் தலையைப் பிடித்துக்கொள்ள, குச்சியக்கா வழக்கப்படி ஒரு நொடியில் வேலையை முடித்தாள். குழந்தை உடம்பெல்லாம் குலுங்க ஓக்காளித்துக் குடித்த பாலை அவள் கைமேலேயே கக்கியது.

டயர் கடைக்காரர் வெலவெலத்துப் போனார். எல்லாக் குழந்தையும் இப்படித்தான் செய்யுமா, இல்லை தன் பிள்ளைக்குத்தான் ஏதாவதா என்று கேட்டார். குச்சியக்கா கையைத் துடைத்துக்கொண்டே, தினம் பத்துப் பேரிடம் சொல்லும் பதிலைச் சொன்னாள்.

"ஓக்காளிச்சா நல்லதுங்க. அப்பத்தான் குச்சி சரியான எடத்துல பட்டிருக்குன்னு அர்த்தம்."

சொல்லி வாயை மூடவில்லை, காலையில் வாலு ஓக்காளிக்காதது நினைவுக்கு வந்தது.

டயர் கடைக்காரர் மகளின் பட்டையில் இரண்டாவது கோடு சிவப்பாக எழுந்தது. குச்சியக்கா அதைப் பார்த்தபடியே நின்றாள். காலையில் எடுத்த குச்சியை ஒவ்வொரு அங்குலமாக மனசுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். நாக்கைத் தாண்டியது. அப்புறம்? வாலுவின் கண்ணைப் பார்த்தாள். அப்புறம் குச்சி வெளியே வந்துவிட்டது. நடுவில் எதுவும் இல்லை. ஒன்றையும் தொடாத பஞ்சுக்கு எப்படி இரண்டு கோடு வரும்?

பெரிய சிஸ்டரிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "நான் என்ன, பொழுது போகாமயா சொல்லிட்டு இருக்கேன்? என் பிள்ளைங்களுக்கு நான் ஒரு தடவைகூட எடுத்ததில்ல. பெத்த கை பின்னாடி இழுக்கும். போ, ரெண்டு பேரையும் உடனே கூட்டிட்டு வா."

படியிறங்கும்போதே கணவனுக்கு போன் போட்டாள். அவன் லாரிக்கும் பஸ்ஸுக்கும் பயப்படாதவன், தங்கைக்கு நடுங்குவான். நடந்ததை முழுக்கக் கேட்டான். பிறகு யோசனை சொன்னான். சின்னுவிடம் இப்போது வாயைத் திறக்க வேண்டாம். ஜுரம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதுபோல் போய் வாலுவை மட்டும் கூட்டிவந்து மறுபடி எடுத்துப் பார். ஒன்றும் இல்லையென்றால் சொல்லவே தேவையில்லை, இருந்தால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். "இப்பத்தான் வந்திருக்கா. மறுபடி போனான்னா இந்த ஜென்மத்துல திரும்ப மாட்டா."

அவன் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை என்றுதான் அந்த இரண்டு தெருவும் குச்சியக்காவுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அரை மணி நேரத்தில் ஒரு டெஸ்ட். யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை. வீட்டு கேட்டைத் திறப்பதற்குள் பொய்யும் தயாராகிவிட்டது.

மாடியில் நாத்தனார் மெஷினில் குனிந்து பள்ளிச் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். வாலு ஹாலில் போர்வைக்குள் இருந்தாள். மைனா பால்கனியில், ஷூ மாட்டிய காலை ஆட்டியபடி தனியாக உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் என்று குச்சியக்கா நினைத்தாள்.

நாத்தனார் தலை நிமிரவில்லை. "என்ன அண்ணி, இந்நேரத்துல? சாப்பிடவா?"

ஆமாம் என்றால் போதும். வாலுவின் ஜுரத்தைப் பார்க்க வந்தேன் என்றாலும் போதும். குச்சியக்கா வாயைத் திறந்தாள். பால்கனியில் மைனா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். சட்டையின் முதல் பட்டன் போடாமல் இருந்தது, கழுத்தெலும்பு தெரிந்தது. அந்தக் கழுத்தெலும்புக்குக் கீழேதான் சரியாக மூடாத அந்த வால்வு.

"சின்னு, காலைல நான் எடுத்த டெஸ்ட் சரியில்ல."

மெஷின் நின்றது.

"குச்சி தொண்டைல படவே இல்ல. அழுவாளேன்னு நான் படவிடல. ஒண்ணுமில்லைன்னு உங்கிட்ட சொன்னது தப்பு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "முட்டி வலிக்குதுன்னு மைனா சொன்னப்போ நான் சொன்னதும் தப்பு. தெரியாம, தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாத்தனார் ஊசியை மேலே தூக்கி, சட்டையை உருவி, நூலைக் கத்தரித்தாள். எழுந்து செருப்பைத் தேடினாள். மைனாவைக் கையில் பிடித்துக்கொண்டு முதலில் அவள்தான் படியிறங்கினாள்.

குச்சியக்கா வாலுவை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தாள். எட்டு வயதுப் பிள்ளையின் கால் முழங்காலில் இடித்தது. ஏன் அத்தை வேகமாகப் போகிறாள் என்று வாலு காதில் கேட்டதும் அவளும் நடையை எட்டிப் போட்டாள்.

வாலுவுக்குப் பெரிய சிஸ்டர் எடுத்தார். வாலு ஓக்காளித்து, அலறி, கடைசியில் பெரிய சிஸ்டரின் விரலைக் கடிக்கவும் பார்த்தாள். ஐந்து நிமிஷம் தேவைப்படவில்லை. மேல் கோடும் கீழ்க் கோடும் போட்டி போட்டுக்கொண்டு வந்தன.

டாக்டரம்மா வாலுவுக்குப் பத்து நாள் மருந்து எழுதினார். காய்ச்சல் நின்றாலும் பாதியில் நிறுத்தக் கூடாது, இன்றைக்கும் நாளைக்கும் மற்ற குழந்தைகள் பக்கம் விடக் கூடாது என்றார். பிறகு நாத்தனார் பக்கம் திரும்பி, இரண்டு பேரும் காலையில் சேர்ந்து இருந்தார்களா என்று கேட்டார்.

"ஒரே ஸ்ட்ரால ஜூஸ் குடிச்சாங்க. ஒண்ணுமில்லைன்னு அண்ணி சொன்னதால நான் தடுக்கல."

குச்சியக்கா தரையைப் பார்த்தாள்.

மைனாவின் மாத ஊசி எப்போது போட்டது என்று அடுத்த கேள்வி. இப்போது நாத்தனாரின் குரல் இறங்கியது. புதன்கிழமையே போட்டிருக்க வேண்டும், வீடு மாற்றுகிற அவசரத்தில் திங்கட்கிழமைக்குத் தள்ளிவிட்டேன் என்றாள். சொல்லும்போது புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். டாக்டரம்மா யாரையும் குற்றம் சொல்லவில்லை. தொண்டையில் இப்போது என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஊசியை இன்றைக்கே போட்டுவிடலாம் என்றார்.

பெரிய சிஸ்டர் புதுக் குச்சியின் உறையைக் கிழித்தார். நாத்தனார் கையை நீட்டித் தடுத்தாள்.

"அண்ணி எடுக்கட்டும்."

குச்சியக்கா பதறிப்போய், வேண்டாம், இன்றைக்கு என்னால் முடியாது என்றாள்.

"முடியும். உங்க பொண்ணுன்னாத்தானே உங்களுக்குக் கை வராது. இது என் பொண்ணு."

சுருக்கென்று தைத்தது. கையுறையை மாட்டினாள். மைனா நாற்காலியில் ஏறி, கேட்காமலேயே வாயைத் திறந்தாள். ஊசிக்கும் குச்சிக்கும் பழகிய பிள்ளை. குச்சியக்கா தட்டைக் குச்சியை நாக்கில் வைத்தபோது அவள் கை நடுங்கியது. நிறுத்திவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடியும் நடுங்கியது. இந்தப் பிள்ளை பிறந்த அன்று துணியில் சுற்றி முதலில் வாங்கிக்கொண்டது இந்தக் கைதான்.

நாத்தனார் அந்த நடுக்கத்தைப் பார்த்தாள். நாற்காலிக்குப் பின்னால் போய் மகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தாள்.

"அழுத்தி எடுங்க."

குச்சியக்கா கண்ணைப் பார்க்கவில்லை. தொண்டையை மட்டும் பார்த்தாள். இந்தப் பக்கம் உருட்டினாள், அந்தப் பக்கம் உருட்டினாள், பின்சுவரில் ஒரு தடவு. மைனா ஓக்காளித்துக் கண்ணீர் கொட்ட இருமினாள். பெரிய சிஸ்டர் இரண்டாவது குச்சியை நீட்டினார். "அத்தை, போதும்" என்று பிள்ளை கெஞ்ச, கல்ச்சருக்கான அந்தக் குச்சியையும் அதே அழுத்தத்தோடு எடுத்தாள்.

பட்டையில் ஒரு கோடு வந்தது. ஐந்து நிமிஷம் ஆன பிறகும் ஒன்றுதான். காலையில் கூட இருந்த பிள்ளையிடமிருந்து தொற்றியிருந்தால் இன்றைக்கே தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை, கல்ச்சர் ரிசல்ட் திங்கட்கிழமை வரும், அதுவரை ஜுரம் வருகிறதா, மூட்டு வலிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள் என்றார் டாக்டரம்மா. ஊசி போட மைனாவைப் பெரிய சிஸ்டர் உள்ளே கூட்டிப் போனார். வாலு பெஞ்சில் தூங்கிப்போயிருந்தாள்.

குச்சியக்கா ஓரத்துக் குழாயில் கை கழுவினாள். கழுவி முடித்த பிறகும் குழாயை மூடவில்லை. நாத்தனார் வந்து பக்கத்தில் நின்றாள்.

"நீங்க மாடி ஏறி வர்றதுக்கு முன்னாடியே அண்ணன் போன் பண்ணிட்டாரு."

குச்சியக்கா திரும்பினாள்.

"பிள்ளைங்களைத் தனித்தனியா உக்கார வைன்னு மட்டும்தான் சொன்னாரு. ஏன்னு கேட்டேன். எங்கிட்ட அவரால எதையாவது மறைக்க முடியுமா? மொத்தத்தையும் கொட்டிட்டாரு. உங்ககிட்ட என்ன யோசனை சொன்னாருங்கறதையும் சேர்த்து." குழாயை மூடினாள். "மைனாவுக்கு ஷூ மாட்டி உக்கார வெச்சுட்டு, நீங்க என்ன சொல்லப்போறீங்கன்னு பாத்துட்டு இருந்தேன்."

குச்சியக்கா ஈரக் கையைத் துடைத்தாள். தான் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டாள்.

"இங்க வந்திருக்க மாட்டேன். அவளை வேற எங்கயாவது கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டு, சாயங்காலமே வேனுக்குச் சொல்லியிருப்பேன்."

உள்ளே மைனா ஒரே ஒரு தடவை அழுதாள். ஊசி இறங்கிவிட்டது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அந்தப் பக்கம் ஓடினார்கள், வாசலில் ஒருத்தி தோள் இன்னொருத்தி தோளில் இடித்தது.

"வலிச்சுதா?" என்று கேட்டாள் நாத்தனார்.

மைனா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஊசி வலிக்கவில்லை, எழுந்து நின்றால் முட்டிதான் வலிக்கிறது என்றாள். நேற்றிலிருந்து.

நாத்தனார் மகளைப் பார்க்கவில்லை. அண்ணியைப் பார்த்தாள்.

"தெரியல, சின்னு," என்றாள் குச்சியக்கா. "வா, டாக்டரம்மாகிட்டயே கேப்போம்."